நான் மட்டும் படித்த மூன்றாம் வகுப்பு

கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் நான். வருஷத்தின் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். முன்பெஞ்சுக்காரர்களுக்கு வாத்தியாரின் பிரியம் வேண்டும், பின்பெஞ்சுக்காரர்களுக்கு வாத்தியாரே வேண்டாம், சுவரோரம் ஒதுங்குகிற பிள்ளைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை. இதையே நீட்டி முழக்கிப் பேசிப் பல கூட்டங்களில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் மூன்றாம் வகுப்பில் முன்பெஞ்சு, பின்பெஞ்சு, சுவரோரம் எல்லாமே நான்தான். இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகும் வழியில் இருந்த கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடம் அது. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு அறை. ஒன்றில் தமிழ், மற்றதில் மலையாளம், நடுவே ஒரு மூங்கில் தட்டி. எங்கள் தாலுகாவையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்த வருஷங்களில் தமிழ் அறையில் உட்கார இடம் கிடைக்காதாம். பிறகு எல்லை பிரித்தார்கள். தெற்கே இருந்த தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. நாங்கள் இந்தப் பக்கம் கேரளாவிலேயே நின்றுபோனோம். சர்க்கார் வேலை வேண்டுமானால் இனி மலையாளம்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அப்பாவோடு ஊர்வலம் போனவர்கள், அப்பாவோடு சேர்ந்து போலீசிடம் அடி வாங்கியவர்கள், எல்லாரும் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள்.

வாழைக்குலை வியாபாரியான என் அப்பா மட்டும் அசையவில்லை. "எனக்க மக தமிழ்லதான் படிப்பா. அதில ஒரு மாத்தமும் இல்ல" என்று முடித்துவிட்டார்.

"அவளுக்குக் கூட வெளையாட ஒரு பிள்ளையாவது வேண்டாமா?" என்று அம்மா கேட்டார். அப்பா குலைகளை எண்ணப் போய்விட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் தமிழ் சார் முறை தவறாதவர். தினமும் என் பெயரைக் கூப்பிடுவார், நான் எழுந்து "ஆஜர் சார்" என்பேன், அவர் தலைநிமிர்ந்து அறை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்வார். என்னை வகுப்புத் தலைவியாக நியமித்ததும் அவர்தான். வெளியே போகும்போது, "ஆரும் சத்தம் போடப்பிடாது. பேசினவங்க பேரை போர்டுல எழுதி வை" என்று கட்டளையிடுவார். சில நாள் அலுப்புத் தாங்காமல் என் பெயரையே எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சையில் நான்தான் முதல் ராங்க். அதற்கும், "இன்னும் கொஞ்சம் மனசு வச்சுப் படிக்கணும்" என்று புத்தி சொல்லுவார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டமாக வாய்ப்பாடு சொல்வார்கள். நானும் இந்தப் பக்கம் உதட்டை அசைத்துக் கூடச் சொல்வேன். அங்கே யாராவது பிரம்படி வாங்கினால் நான் உள்ளங்கையை மடக்கிக்கொள்வேன். அவர்கள் எதற்கோ கொல்லென்று சிரித்தால் மட்டும் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. தனிமை என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கே தெரியும்? வயிறு வலிக்கிறது என்றுதான் அம்மாவிடம் சொல்வேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பார். பாவம், எத்தனையோ ஓமம் வீணாய்ப் போயிற்று.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வருவதாகச் சேதி வந்தது. ஒரே ஒரு பிள்ளை உள்ள வகுப்பை அவர் மூடிவிடலாம், மூடினால் தமிழ் சாருக்கு வேலை போகும். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை குறைந்த வகுப்புக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து அன்றைக்கு மட்டும் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பார்கள். ஹெட்மாஸ்டருக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், வந்த பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் ஏற்கெனவே அந்த வகுப்புப் பிள்ளைதானே, எனக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலேட்டும் பையுமாகக் கதவு வழியாக வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்பாவின் பழைய கூட்டாளியான துணிக்கடைக்காரரின் மகள் நேராக என்னிடம் வந்து, "ஏட்டி, கொஞ்சம் நீங்கி இரி" என்றாள். நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் வயிறு வலிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட மலையாளி. ஒரு பையனை எழுப்பித் தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொன்னார். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதான், ஆனாலும் எழுத்து மறந்து விழித்தான். நான் கீழிருந்து முணுமுணுத்து அவனை ஒரு வழியாகக் கரைசேர்த்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்.

"இவரெல்லாம் நின்றெ கூட்டுக்காராணோ, மோளே?"

"ஓ, எல்லாரும் எனக்குக் கூட்டுக்காரங்களாக்கும் சார்!"

எல்லாரும் சிநேகிதர்கள் என்று நான் சொன்ன வேகத்தைக் கேட்டு அவர் சிரித்தார். பக்கத்து அறையில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்ததை அவர் பார்க்காமல் போயிருக்க முடியாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு இளநீர் குடிக்கப் போனார். வகுப்பு தப்பியது. அதாவது, நான் தொடர்ந்து தனியாகத்தான் படிக்க வேண்டும் என்பது அன்றைக்கு முடிவாயிற்று. அது தெரியாமல் சாயங்காலம் மணியடிக்கும்வரை அவர்களோடு கிளித்தட்டு விளையாடினேன். வீட்டுக்கு ஓடியே வந்தேன்.

அப்பா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்திருந்தார். "அப்பா, வகுப்பு நெறைஞ்சாச்சு! எல்லாரும் திரிச்சு வந்தாச்சு!" என்று கத்தினேன்.

"ஆரு வந்தா?"

பெயர் பெயராகச் சொன்னேன். அப்பா நம்பாமல், "துணிக்கடைக்காரனுக்க மகளுமா?" என்றார்.

"எனக்க பக்கத்திலயாக்கும் இருந்தா!"

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "நான் சொன்னேனா இல்லியா? அவனுவ வருவானுவ" என்று அம்மாவிடம் சொன்னார். போராட்டம் முடிந்ததிலிருந்து மடித்தே கிடந்த கதர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பழைய கூட்டாளிகள் கூடுகிற சாயாக்கடையைத் தவிர்ப்பதற்காகவே எத்தனையோ மாதம் வயல்வழியாகச் சுற்றிப் போனவர், அன்றைக்கு நேர்வழியில் கையை வீசி நடந்தார். "இஞ்சேருங்க, சாயா குடிச்சிட்டுப் போவும்" என்று அம்மா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

சாயாக்கடையில் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகுதான். அப்பா எல்லாருக்கும் கைகொடுத்து, கண் கலங்கி, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதற்கு நன்றி சொன்னாராம். துணிக்கடைக்காரர்தான், "எலே, அது இன்னைக்கு ஒரு நாளைக்குக் கடம் குடுத்ததாக்கும். உனக்கு ஆரும் சொல்லல்லியா?" என்றாராம்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுப்பில் மரச்சீனிக்கிழங்கு வேகும் முன்பே அப்பா திரும்பி வந்துவிட்டார் என்பதுதான். முற்றத்தில் நின்று வெகுநேரம் கால் கழுவினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, இஞ்ச வா. ஆரெல்லாம் வந்தாவ? இன்னும் ஒருக்கா சொல்லு."

எனக்கா கசக்கும்? யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் என் காலை மிதித்தார்கள், கிளித்தட்டில் யார் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் அப்பா தலையாட்டினார். முடித்ததும், "பின்னே?" என்றார். அவ்வளவுதான் என்றேன். "செரி, ஆதி தொட்டே சொல்லு" என்று என் தலையில் கைவைத்தார். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, துணிக்கடைக்காரரின் மகளிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.