தலைமுழுக்கு லேபிள்

முத்துமீனா உயிரோடு இருப்பவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பவள். செத்தவர்களுக்கும் அடிப்பாள், கல்யாணம், காதுகுத்துக்கும் அடிப்பாள். ஆனால் மதுரைக்கு மேற்கே அவள் வேலை பேர் வாங்கியது முதல் வகையில்தான். வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகளை ‘எங்களுக்கு அவள் செத்தாள்’ என்று வாயால் சொன்னால் போதாத கௌரவஸ்தர்கள் சிலர் நம் பக்கத்தில் உண்டு. அவள் படத்தைப் போட்டு, தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி அச்சடித்து, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டினால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். ஓடிப்போன தேதிதான் மறைவுத் தேதி.

நான் அவள் வேலை பார்க்கும் அச்சுக்கடைக்கு அடுத்த ஜெராக்ஸ் கடைக்காரன். அந்தப் பெரிய மனிதர்கள் மீசையைத் தடவிக்கொண்டு வந்து நிற்பதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க எரியும். ஆனால் அவர்கள் நீட்டும் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன்தான் நானும்.

கடை முதலாளி அழகுபாண்டி. ஆர்டர் எல்லாம் மெயிலில் வரும். வந்தவுடன் அதற்கு லேபிள் போடுவது அவர் வேலை. முத்துமீனா லேபிளைப் பார்த்து டிசைன் செய்வாள். முன்பு செத்தவர்களும் ஓடிப்போனவர்களும் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற ஒரே லேபிளில்தான் கிடந்தார்கள். அவள் லீவில் இருந்த ஒருநாள், அவளுக்குப் பதிலாக வந்த ஒருவன் ஓடிப்போன பெண்ணின் போஸ்டரில் வழக்கப்படி ‘இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணி’ என்று சேர்த்துவிட்டான். வேனில் சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். பிணத்தைக் காணோம். பெண்ணைப் பெற்றவர் அத்தனை பேருக்கும் டிபன் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் முத்துமீனா தனி லேபிள் ஒன்று உண்டாக்கினாள். உறவை அறுத்துவிட்டவன் ‘அவளைத் தலைமுழுகிட்டேன்’ என்பான் அல்லவா? ‘தலைமுழுக்கு’ என்றே பெயர் வைத்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சிரிக்க முடியாது அவளால். அவளும் இருபத்தொரு வயதில் சின்னானோடு ஓடி வந்தவள்தான். அவள் வீட்டில் போஸ்டர் அடிக்கவில்லை. அடிக்காதவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தெரியாமல் சின்னான் வெளியே வேலைக்குப் போனான். அவளுடைய அண்ணன்கள் வந்து அவனுடைய இரண்டு முழங்காலையும் கடப்பாரையால் அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். இன்றும் கக்கூசுக்குப் போக அவனுக்கு அவள் தோள் வேண்டும். அந்தத் தோளில் தொங்கிக்கொண்டே அவளைத் திட்டுவான்.

“ஒன்னையக் கட்டுனதுக்கு ரயில்ல தலையக் கொடுத்திருக்கலாம்டி.”

அவள் அவனைத் தாங்கிக்கொண்டே நடப்பாள். அந்தக் காலிலிருந்து அவள் படித்த பாடம் ஒன்றுதான். போஸ்டர் அடித்துவிட்டால் விட்டுவிட்டார்கள். ஊருக்குச் செத்தவளைத் தேடிப் போனால் தேடுகிறவனுக்குத்தான் மானக்கேடு.

இந்த வருடம் அவளுடைய கோச்சடை வீட்டு மாடி அறைக்கு ஒரு ஜோடி வந்து ஒளிந்தது. பையன் அருள்பாண்டி, சின்னானோடு முன்பு வேலை பார்த்தவரின் மகன். பெண் முனீஸ்வரி, லேப் டெக்னீஷியன் படித்தவள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். வெளியே தலை காட்டினால் உயிர் தங்குமா என்பதுதான் கேள்வி. அவள் அப்பா கருத்தக்கண்ணன் இரண்டு காரில் ஆள் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா போஸ்டர் அடிப்பாராக்கா?” என்று கேட்டாள் முனீஸ்வரி.

“அடிச்சா எங்க கடையிலதான் அடிப்பாரு. ஒங்க வீட்டுக் காதுகுத்து, ஒன் சடங்கு எல்லாத்துக்கும் நான்தான் ஃப்ளெக்ஸ் போட்டேன். அதுவரைக்கும் மாடிய விட்டு எறங்காத.”

அந்தச் சமயத்தில்தான் அழகுபாண்டி கடை மெயிலோடு ஏஐ உதவியாளர் ஒன்றை இணைத்திருந்தார். லேபிள் பெயரைச் சொன்னால் போதும், அதில் யார் யார் மெயில் இருக்கிறது, என்ன தலைப்பு என்று செல்போனில் வரிசையாகச் சொல்லிவிடும். மற்றவர்கள் கல்யாண ஆர்டரைக் கேட்டார்கள். முத்துமீனா சோறு வடிக்கும்போதும், சின்னானைக் குளிப்பாட்டும்போதும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“தலைமுழுக்கு லேபிள்ல புதுசா என்ன வந்திருக்கு?”

“இந்த லேபிளில் புதிய மின்னஞ்சல் எதுவும் இல்லை. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?”

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் முனீஸ்வரி முகம் செத்துப்போய் மேலே ஏறுவாள். தன் சாவுச் செய்திக்காக இப்படி ஏங்கிய ஒருத்தியை இந்த ஊர் பார்த்திருக்காது. நடுவில் அவள் அம்மா முத்துத்தாயோடு மட்டும், அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி செல்போனுக்கு அடித்து, ரகசியமாகப் பேசுவாள். சாப்பிட்டியா, தூங்கினியா என்பதற்கு மேல் பேச்சு போகாது. ஆத்திர அவசரத்துக்கு என்று முத்துமீனாவின் நம்பரையும் அம்மாவிடம் கொடுத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உதவியாளர் வேறு பதில் சொன்னது.

“தலைமுழுக்கு லேபிளில் ஒரு மின்னஞ்சல் உள்ளது. அனுப்பியவர் கருத்தக்கண்ணன். தலைப்பு: மகள் முனீஸ்வரி கண்ணீர் அஞ்சலி.”

முனீஸ்வரி படியிலேயே உட்கார்ந்து முத்துமீனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அருள்பாண்டி ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தான். சாவுக்கு அல்வா.

மதியம் கருத்தக்கண்ணன் டிசைனைப் பார்க்கக் கடைக்கே வந்துவிட்டார். அவர் அனுப்பியிருந்தது பட்டமளிப்பு விழாப் படம். கறுப்பு அங்கியில் மகள் சிரிக்கிறாள். அவள் தோளில் ஒரு கை.

“அது என் கை. அத எடுத்துரும்மா.”

முத்துமீனா படத்தைப் பெரிதாக்கினாள். அங்கியின் கறுப்பை எடுத்து விரல் விரலாக மூடினாள். அவர் குனிந்து பார்த்தார்.

“இன்னும் ஒரு வெரல் தெரியுது பாரு.”

அதையும் மூடினாள். அந்த மனிதனுக்குக் கண் இமைக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கீழ ‘கண்ணீருடன்’னு போட்டு எந்தப் பேர மொதல்ல போடணும்?” என்று கேட்டாள்.

“தாயார் முத்துத்தாய்னு போடு. அவதான் சொன்னா. எனக்கு இதுல இஷ்டமே இல்லம்மா, ரெண்டு பேரையும் தேடிப் பிடிச்சு வகுந்துரணும்னுதான் இருந்தேன். இவ ஒத்தக் கால்ல நின்னுட்டா. போஸ்டர் ஒட்டுற வரைக்கும் ஒலையில அரிசி போட மாட்டேன்னுட்டா. என்னையவிட அவளுக்குல்ல ரோசம் இம்புட்டு இருக்கு!”

முத்துமீனாவின் கை மௌஸில் அப்படியே நின்றது. அது ரோசம் இல்லை என்று அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. மகளை உயிரோடு விட வைக்க அந்த வீட்டில் ஒரு பொம்பளைக்கு வேறு வழி இல்லை. முத்துத்தாய் பேரை முதலில் போட்டாள்.

மறுநாள் ஊரெல்லாம் ஒட்டினார்கள். அதற்கடுத்த வாரம் முனீஸ்வரி முகத்தை மூடாமல் வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் சுவரில் அவளே இருந்தாள். அம்மா பேரைப் படித்துவிட்டு, பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

“அம்மா பேரு மொதல்ல இருக்குக்கா.”

முத்துமீனா நடந்ததைச் சொன்னாள். சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

“நான் செத்தாத்தான் சோறுன்னு நின்னுச்சாக்கும்?”

“அடியேய், ஒன்னைய உசுரோட விடத்தான்டி அம்புட்டும் செஞ்சிருக்கு.”

“விட்ருங்கன்னு அழுதிருக்கலாம்ல? கால்ல விழுந்திருக்கலாம்ல? செத்துட்டான்னு போடச் சொல்லியா கேக்கணும்?”

“எங்கம்மா அப்பிடித்தான் கால்ல விழுந்து அழுதுச்சு. இந்தா உக்காந்திருக்காரு பாரு, அழுததுக்குப் பலன்.”

சின்னான் டிவியிலிருந்து திரும்பவில்லை. முனீஸ்வரி அவன் காலைப் பார்த்தாள். பார்த்தும் மனம் இறங்கவில்லை. போனை எடுத்து, அம்மா பேசும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் நம்பரை அவர்கள் கண் முன்னாலேயே பிளாக் செய்தாள்.

“அப்பா கொல்ல வந்தாரு, அது தெரிஞ்ச கதை. இது பெத்தவ. நீங்க வக்காலத்து வாங்காதீங்கக்கா.”

மறுநாளிலிருந்து வேலைக்குப் போனாள். அந்தச் சுவரைத் தாண்டித்தான் போனாள்.

சில நாள் கழித்து, நான் பேப்பர் கட்டு வாங்க அழகுபாண்டி கடையில் நின்றபோது முத்துமீனாவின் போன் அடித்தது. கையில் மை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் முனீஸ்வரி அம்மா பேசுறேன். புள்ளைக்கு எத்தனையோ வாட்டி அடிச்சுட்டேன், போகவே மாட்டேங்குதே. எதுவும் ஆயிருச்சாம்மா?”

“ஒண்ணும் ஆகலக்கா. நல்லா இருக்கு.” முத்துமீனா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். “ஒங்க மேலதான் கோவமா இருக்கு. ஒங்க பேரப் பாத்துருச்சு. நான் எம்புட்டோ எடுத்துச் சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குது.”

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது.

“வேலைக்குப் போயிட்டு வாராளா?”

“வாராக்கா.”

“பஸ்லயா?”

“பஸ்லதான். பயப்படாமப் போயிட்டு வாரா.”

“அப்பப் பேசாட்டிப் போறா. இன்னைக்கு இங்க அவளுக்குக் கருமாதி. பந்தி போட்டாச்சு, பரிமாற ஆளில்ல. நான் போறேன் தாயி.”