‘மோசமில்லை’ என்று சொல்லிவிட்டு வந்த ஆர்டிஸ் அத்தை

“இந்த மார்ச் பன்னிரண்டாம் தேதிச் சீட்டைப் பாத்தீங்களா லேஃப்?” என்று வக்கீல் ரெனாட்டா போனில் கேட்டபோது நான் சர்க்கரை பீட் வயலில் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“என்ன எழுதியிருக்கு?”

“‘நோயாளி நலமாக இருக்கிறார். முறையிட எதுவும் இல்லை. தேவைப்பட்டால் வரலாம்.’ அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் உங்க அத்தை எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கல. நான் என்னத்த வெச்சு வாதாடுறது?”

அந்த மார்ச் பன்னிரண்டு எனக்கு மறக்கவில்லை. அத்தையைக் காரில் கூட்டிப்போனதே நான்தான். கார் நின்ற இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இருபதடி இருக்கும். அதைக் கடக்க அவளுக்கு என் தோளும் ஒரு கைத்தடியும் ஏழு நிமிஷமும் வேண்டியிருந்தது. நர்ஸ் அவளை அறையில் உட்காரவைத்தாள். நான் வெளியே டிராக்டர் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். டாக்டர் லிண்டல் உள்ளே வந்தபோது அத்தை கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “எப்படி இருக்கீங்க ஆர்டிஸ்?” என்று கேட்டிருக்கிறார். “மோசமில்லை” என்றிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டார்.

எங்கள் ஊர் நோர்பியில் எல்லோரும் இப்படித்தான். எங்கள் கொட்டகை தீப்பிடித்த அன்று, என்ன நிலவரம் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்டதற்கு என் அப்பா சொன்ன பதில், “கொஞ்சம் சூடா இருக்கு.” அவருடைய கூடப்பிறந்தவள்தான் ஆர்டிஸ் அத்தை.

இருபத்தாறு வருஷம் நோர்பி பள்ளிக்கூடத்துச் சமையலறை அவள் ஆட்சியில் இருந்தது. வியாழக்கிழமை பீன்ஸ் காரக்குழம்பும் பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரோலும். அந்த ரோலுக்காகவே காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு. நானும் வந்திருக்கிறேன். அப்படி நான் போய் நாலு பேருக்குக் காய்ச்சலை ஒட்டவைத்த வருஷத்திலிருந்து அத்தை ஃப்ளூ ஊசியைத் தவறவிட்டதே இல்லை.

நோய் வந்த வருஷமும் அக்டோபர் பதினொன்றாம் தேதி பள்ளி விளையாட்டுக்கூடத்தில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டாள். ஊசி போட்ட பத்தொன்பதாம் நாள், கால்விரல்களில் எறும்பு ஊர்ந்தது. புது ஷூ சரியில்லை என்றாள். மத்தியானத்துக்குள் முழங்கால் மடங்கி, பெரிய ஃப்ரீசர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, “ரோலை எடுங்கடீ, கருகுது” என்று மற்றவர்களை விரட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தபோது, “பிள்ளைங்க சாப்பிட்டு முடிக்கட்டும்” என்று காக்கவைத்தாள்.

கில்லன் பாரே என்றார்கள். உடம்பின் காவல்படை குழம்பிப்போய் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய். ஊசிக்குப் பின்னால் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருமாம். யார் மேலும் தப்பில்லை. ஆனால் அந்த ஒருவருக்கென்று அரசாங்கம் ஒரு நிதியும் ஒரு நீதிமன்றமும் வைத்திருக்கிறது. வக்கீல் கூலியைக்கூட அந்த நிதியே கொடுத்துவிடும். இதை மட்டும் அத்தை கடைசிவரை நம்பவில்லை. பிலடெல்ஃபியாவில் இருக்கும் ரெனாட்டாவுக்குக் கூலியாக மாதம் ஒரு டப்பா வெள்ளரி ஊறுகாய் தபாலில் போய்க்கொண்டிருந்தது.

அந்த நீதிமன்றத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நோய் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் அதன் மிச்சம் உடம்பில் இருக்க வேண்டும். அத்தைக்குத் தொடங்கியது அக்டோபர் முப்பது. ஆகவே ஏப்ரல் முப்பதுக்குப் பிறகும் அவள் நோயாளி என்று அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது வேண்டும். எங்கள் கையில் இருந்ததோ மார்ச்சில் நலமாக இருந்த ஒருத்தி.

வழக்கு தோற்றால் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. சமையலறை வேலை போய்விட்டது. துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில், படுக்கை மாடியில். மாற்றிக் கட்டக் கையில் காசில்லை. நாற்பது மைலுக்கு அப்பால் முதியோர் குடியிருப்பில் ஒரு அறை காலியாக இருப்பதாக அப்பா மெல்லச் சொன்ன அன்று, அத்தை எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினாள்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சான்றிதழின் நகல் அத்தை வீட்டுக் குளிர்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. நான் படித்தது மண்ணியல் என்பது யாருக்கும் பொருட்டில்லை. படித்தவன் என்றால் எந்தக் காகிதமும் படிப்பான். எனவே அன்று சாயங்காலம் நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கூடையை ஒரு படி கீழே தள்ளுவாள். பிறகு உட்கார்ந்தபடியே ஒரு படி இறங்குவாள். மறுபடி கூடை.

“அத்தை, என்ன இது?”

“பாத்தா தெரியல? துணி துவைக்கப் போறேன்.”

“எத்தனை நாளா இப்படி எறங்குற?”

“ஆஸ்பத்திரிலேந்து வந்ததுலேந்துதான். ஏன், விழாம எறங்குறேன்ல?”

“இதை டாக்டர்ட்ட சொன்னியா?”

“துணி துவைக்கிறதைப் போய் டாக்டர்ட்ட சொல்லுவாங்களாடா? எப்படி இருக்கேன்னு மரியாதைக்குக் கேட்டாரு. மரியாதையா பதில் சொன்னேன். வெளியில பன்னெண்டு பேரு காத்திருந்தாங்க.”

“மரியாதைக்குக் கேக்கலை அத்தை! அது அவரு வேலை!”

“கத்தாதே. காபி போடவா?”

ரெனாட்டா சொன்னபடி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயார் செய்து எடுத்துப்போயிருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டு திருத்த ஆரம்பித்தாள். ‘கடுமையான வலி’ என்பதை அடித்துவிட்டு ‘சில நேரம் அசௌகரியம்’ என்றாள். ‘பலமுறை விழுந்தேன்’ என்பது ‘உட்கார நேர்ந்தது’ ஆயிற்று. சட்டைப் பொத்தான் போட முடியாது என்ற வரியை முழுசாக அடித்தாள். அதனால்தான் தலைவழியே மாட்டும் சட்டை வாங்கிவிட்டாளாம், ஆகவே அந்தப் பிரச்சினை இப்போது இல்லையாம். அதைப் படித்துவிட்டு ரெனாட்டா என்னைப் போனில் பிடித்தாள். “இவங்க யார் பக்கம்?” என்று கேட்டாள்.

தேவாலயத்தில் வாராவாரம் நோயாளிகளுக்காக ஜெபிக்கும் பட்டியல் அச்சாகும். அதிலாவது பெயர் இருக்குமே என்று ஓடினேன். பிப்ரவரியோடு நின்றிருந்தது. அத்தையே போன் செய்து எடுக்கச் சொல்லியிருக்கிறாள். “கிளாரன்ஸுக்குப் புத்துநோய்டா. அவன் பேருக்கு மேல என் பேரு நின்னா நல்லாவா இருக்கு?”

பட்டியல் கட்டுகளை நான் கோபத்தோடு புரட்டிக்கொண்டிருந்ததை ஐனஸ் குவாம் பார்த்தாள். தேவாலயத்து மாதர் சங்கத்தின் செயலாளர். காபி தெளிவதற்கு அதில் முட்டை உடைத்துப்போடுவதா வேண்டாமா என்று அத்தையோடு இருபது வருஷமாகத் தகராறு.

“என்ன தேடுற?”

சொன்னேன்.

“அவ நல்லா இருக்கேன்னு சொன்னாளா? பொய்க்காரி” என்று சொல்லிவிட்டு ஐனஸ் அலமாரியைத் திறந்தாள். சங்கத்தின் கூட்டக் குறிப்பு நோட்டு. எந்த மாதம் யார் காபி ஊற்றினார்கள், யார் ஊற்றவில்லை, ஏன் ஊற்றவில்லை, எல்லாம் இருந்தது.

மே 9: ஆர்டிஸ் காபி ஊற்ற வேண்டிய முறை. கை நிற்கவில்லை. காகிதக் கைக்குட்டை மடிக்க உட்காரவைத்தோம். மடிக்கவும் முடியவில்லை. நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

ஜூன் 13: ஆர்டிஸ் படியில் விழுந்தாள். விழவில்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 8: ஆர்டிஸ் பாத்திரத்தைக் கீழே போட்டாள். பாதத்தில் இன்னும் உணர்வில்லை என்று நினைக்கிறோம். கேட்டால் சொல்ல மாட்டாள்.

நான் நின்ற இடத்திலேயே படம் எடுத்து அனுப்பினேன். ரெனாட்டா உடனே திரும்ப அழைத்து நோட்டு முழுவதையும் அனுப்பச் சொன்னாள். நரம்பு மருத்துவர் ஒருவரின் சோதனை அறிக்கையும் கிடைத்தது. இது பழைய சேதம், இடையில் சரியாகவே இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்தார். ஆனாலும் அரசுத் தரப்பு விடவில்லை. நோயாளியே வாயால் நலம் என்று சொல்லியிருக்கிறாரே என்றார்கள். விசாரணைக்குத் தேதி குறித்தார்கள்.

அத்தைக்கு வழக்கைவிட நோட்டுதான் பெரிய அவமானம். “என் காலைப் பத்தி மாதர் சங்க நோட்டுல எழுதி வெச்சிருக்காளா அவ?” என்று இரண்டு வாரம் ஐனஸோடு பேசவில்லை.

விசாரணை கணினித் திரை வழியாக, எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் நடந்தது. காரில் போகும்போதே நான் கெஞ்சினேன். “அத்தை, உள்ளதை உள்ளபடி சொல்லு. இன்னிக்கு ஒரு நாள்.”

“நான் என்னிக்குடா பொய் சொன்னேன்?”

திரையில் நீதிபதி தோன்றினார். நரைத்த, களைத்த பெண்மணி. “வணக்கம், எப்படி இருக்கீங்க மிஸ் ஆர்டிஸ்?”

“மோசமில்லை. நீங்க எப்படி இருக்கீங்க?”

இன்னொரு சதுரத்தில் ரெனாட்டா கண்களை மூடிக்கொண்டாள். அரசு வக்கீல் ஏதோ எழுதினார். அதன் பிறகு கேட்ட எதற்கும் இதே கதைதான். நடக்கிறீர்களா? நடக்கிறேன். சமைக்கிறீர்களா? சமைக்கிறேன். எப்படி என்று கேட்டால், மெதுவாக. எனக்கு மேஜையைக் கவிழ்த்துவிட்டு வெளியே போகலாம் போலிருந்தது.

அடுத்தது ஐனஸ். நோட்டை மடியில் வைத்து வாசித்தாள். “ஆகஸ்ட் எட்டாம் தேதி, காபிக் கெண்டியைக் கீழே போட்டா...”

“கெண்டி இல்லை” என்றாள் அத்தை, பின்னாலிருந்து.

“பாத்திரம்னுதான் எழுதியிருக்கேன். கெண்டியாத்தான் இருக்கும்.”

“உருளைக்கிழங்கு அடுக்கு வேகவைக்கிற தட்டு. என் தட்டு. எதைக் கொண்டுவந்தேன்னு எனக்குத் தெரியாதா? இன்னொண்ணு, நான் கீழே போடல.”

“ஆர்டிஸ், முப்பது பேரு பாத்தோம்!”

நீதிபதி கை காட்டினார். “மிஸ் ஆர்டிஸ், முன்னால வாங்க. உங்க சத்தியம் இன்னும் அமல்ல இருக்கு. என்னதான் நடந்துச்சு?”

அத்தை கைத்தடியோடு வந்து உட்கார நேரமானது. கேமரா அதை முழுசாகப் பார்த்தது.

“நான் எதையும் கீழே போடுறவ இல்லைங்க. இருபத்தாறு வருஷம் நானூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சவ. ஒரு தட்டைக் கீழே போட்டதில்லை. அன்னிக்கு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். பிடிச்சிருக்கேன்னுதான் நெனச்சேன். சத்தம் கேட்டுக் குனிஞ்சு பாத்தப்பதான் கையில இல்லைன்னு தெரிஞ்சுது.” உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். “சூடான தட்டு. பிடிக்கத் துணி எடுக்க மறந்துட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாத்தா ரெண்டு உள்ளங்கையும் கொப்புளம். வலிக்கல. அதுதான் எனக்குப் பிடிக்கல.”

அரசு வக்கீல், கேள்வி எதுவும் இல்லை என்றார்.

ஏழு வாரம் கழித்து இழப்பீட்டுக்கு உரியவள் என்று தீர்ப்பு வந்தது. தொகை பேச ரெனாட்டா நேரே அத்தையைக் கூப்பிட்டாள். “அய்யோ, அவ்வளவு வேணாம், தேவைப்படுறவங்களுக்குக் குடுங்க” என்றிருக்கிறாள் அத்தை. பதறிப்போய் ரெனாட்டா என்னை அழைத்தாள். எங்கள் ஊரில் மூன்று முறை கேட்டால்தான் சரி என்பார்கள், இன்னும் இரண்டு முறை கேளுங்கள் என்றேன். மூன்றாம் முறை, “உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா சரி” என்றாளாம்.

இப்போது துவைக்கும் இயந்திரம் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படுக்கையும் கீழே வந்துவிட்டது. வீடு விற்பனை பற்றி அப்பா வாய் திறப்பதில்லை. அக்டோபர் வந்தால் அத்தை, தான் இனிப் போட்டுக்கொள்ளக் கூடாத ஊசியை நான் போட்டுக்கொண்டேனா என்று தினமும் போன் செய்து உயிரை எடுக்கிறாள்.

போன வாரம் டாக்டர் லிண்டலிடம் போனோம். இம்முறை நானும் உள்ளே போனேன். ஐனஸும் வந்தாள், அழைக்காமலே, நோட்டோடு.

“எப்படி இருக்கீங்க ஆர்டிஸ்?”

அத்தை வாயைத் திறந்தாள். ஐனஸ் நோட்டைத் திறந்தாள். அத்தை அவளை முறைத்தாள், என்னை முறைத்தாள், கைப்பையை மடியில் நேராக்கினாள்.

“என்னை எதுக்குக் கேக்குறீங்க? அவளைக் கேளுங்க.”