அரை அங்குலச் சாய்வு

"கதவ அடிக்காதீங்க, அமுக்குங்க."

பாறையடியில் காரிலிருந்து இறங்குகிற எவருக்கும் அவர் தரும் முதல் வரவேற்பு இதுதான். அறைந்து சாத்தினாலும் திட்டமாட்டார். தானே போய்க் கதவைத் திறந்து, இடுப்பால் முட்டி, சத்தமில்லாமல் மூடிக் காட்டுவார். பிறகு நாய் உண்டா, பாட்டுப் பெட்டி உண்டா, பறக்கவிடும் கேமரா உண்டா என்று சுங்க அதிகாரி மாதிரி ஒரு விசாரணை. எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும்.

ஊருக்கு வெளியே ஏழு மாடி உயரத்தில் நிற்கும் ஒற்றைப் பாறை அது. கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்கள் விடுமுறை நாட்களில் வந்துவிடுகிறார்கள். வலப்பக்கம் தாராளமாக ஏறலாம். இடப்பக்கம் வல்லூறு கூடு வைக்கும் விளிம்பு. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கிறவரை அங்கே யாரும் போகக்கூடாது. அரசாங்கம் போட்ட சட்டமில்லை. இவரும் இவரோடு பாறை ஏறிய நாலைந்து பேரும் பேசி வைத்துக்கொண்டது.

அவர் தொழில், பெயர்ப்பலகை மாட்டுவது. கடைவீதியில் பாதிக் கடைகளின் பெயர் இவர் கையால் ஏறியதுதான். மனைவி கணினியில் எழுத்து வெட்டித் தருவார், இவர் ஏணி போடுவார். வியாபாரம் அமோகம். ஒரு பல் மருத்துவர் "போதும், நல்லாருக்கு" என்று சொல்லி அனுப்பிய பிறகும், மறுநாள் காலை கூப்பிடாமலே ஏணியோடு போய் நின்றாராம், வலது மூலையை ஒரு நூல் உயர்த்துவதற்கு.

"எங்க கல்யாண போட்டோவையே ரசமட்டம் வெச்சுப் பாத்துதான் மாட்டினாரு. அதுல நான் சிரிச்சேனா முறைச்சேனான்னு கேளுங்க, தெரியாது" என்கிறார் மனைவி.

இந்த நேர்த்திதான் அவரைக் கவிழ்த்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, பாறையடியில் ஒட்டிய எச்சரிக்கைக் காகிதத்தை யாரும் மதிக்கவில்லை. ஏறுகிறவன் கண்ணெதிரே பலகை இருந்தால்தான் திரும்புவான் என்று இவருக்குத் தோன்றியது. 'கூடு உள்ளது, ஏறாதீர்கள்' என்று சிவப்பில் ஒரு பலகை செய்தார். உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, கூட்டுக்குப் பத்தடி கீழே அதை மாட்டினார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் தள்ளித் தொங்கிப் பார்த்தபோது பலகை அரை அங்குலம் சாய்ந்திருந்தது.

"விட்டுட்டு வந்திருக்கலாம் சார். மனசு கேக்கல. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, ஒரு மணி நேரம். உச்சி வெயில். தாய்ப்பறவை தலைக்கு மேல சுத்திக் கத்துது. நான் அதுகிட்டயே சொல்றேன், 'கத்தாத தாயி, உன் நல்லதுக்குத்தான் பண்றேன்'னு."

முட்டைகள் திறந்த பாறையில் வெயிலில் கிடந்தன. இவர் இறங்கிய பிறகு பறவை வந்து உட்கார்ந்தது. பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது.

"அதுக்கப்புறமும் மூணு வாரம் எழுந்திருக்கல சார். வெந்துபோன முட்டை மேல உட்காந்திருந்துச்சு. தினம் வந்து பாத்தேன்."

பிறகு அது போய்விட்டது. பலகையைக் கழற்றினார். இரண்டு வருஷம் அந்த விளிம்பு வெறுமனே கிடந்தது. அவரும் பாறையில் கை வைக்கவில்லை. ஏறும்போது போடுகிற காலணிகளில் இப்போது கடைத் திருகாணிகள் கிடக்கின்றன. வண்டிகள் நிற்கும் இடத்தில் அவர் நட்ட புதிய அறிவிப்பு நன்றாகவே கோணிக்கொண்டு நிற்கிறது. நிமிர்த்தவில்லையா என்று வேடிக்கையாகக் கேட்டுத் தொலைத்தேன். அவர் அண்ணாந்து விளிம்பைப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாது.

இந்த வருஷம் ஒரு ஜோடி வந்திருக்கிறது. பழைய ஜோடியா, புதிதா என்று அவருக்கும் தெரியாது. முட்டையிட்டு இருபத்தோரு நாள். கடையில் மனைவியை நிறுத்திவிட்டு, காலையிலிருந்து இங்கேயே கிடக்கிறார்.

இடப்பக்கத்தை மறித்துக் கட்டிய தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்று தொலைநோக்கியில் எனக்குக் காட்டினார். பழுப்பு முதுகு கொஞ்சம் தெரிந்தது, அவ்வளவுதான். நான் எழுதும் பத்திரிகைக்கு ஒரு படம் வேண்டுமே என்ற அற்ப ஆசை எனக்கு. வந்திறங்கிய ஒரு காரைப் பார்த்து அவர் திரும்பிய நேரத்தில், கயிற்றைத் தாண்டி நாலு எட்டு வைத்தேன். காலடியில் சரளை உருண்டது. மேலே பறவை எழுந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. ஓடி வந்து சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, என்னையும் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். கண்கள் விளிம்பை விட்டு நகரவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று, முட்டைகள் வெயிலில் கிடக்கும் நொடிகளை எண்ணி முணுமுணுக்கத் தொடங்கினார். பறவை கத்திக்கொண்டே வட்டமிட்டது. நான் வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் அது இறங்கி, சிறகை மடக்கி, முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

"உட்காந்துடுச்சுங்க" என்றேன்.

தலையாட்டினார். உதடுகள் மட்டும் நிற்காமல் எண்ணிக்கொண்டே இருந்தன.