செல்லம்மாக்கா டிவியில் வந்த நாள்

நேற்று இரத்தினபுரியில் ஒரு கராஜ் வாசலைத் தாண்டும்போது பேட்டரி ஆசிட் நாற்றம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அதில் இருமல் வரும். எனக்கு அரசியல் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் குருவிட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வாத்தியாராக இருந்தேன். தொழிலாளர்கள் ஒற்றை அறைக் காம்பராக்களில் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி என்னிடம் மட்டும்தான். ஆட்கள் முறை வைத்து அந்தப் பேட்டரியை டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினாலும் சிங்களச் செய்திதான் தெளிவாக வரும். சிங்களம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது கடையில் சண்டை போடுகிற சிங்களம். செய்தி வாசிக்கிற சிங்களம் வேறு ரகம். அதனால் நான் மொழிபெயர்ப்பேன். மந்திரி பேசி முடித்ததும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருஷம் சம்பள உயர்வு கேட்டு ஸ்ட்ரைக். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தலைவி செல்லம்மாக்கா. யார் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் தன் பானையிலிருந்து அள்ளிக் கொடுத்து, ஒருவரையும் வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் சாயந்திரச் செய்தியில், தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்றார்கள். நான் கணீரென்று மொழிபெயர்த்தேன். திரையில் பெண்கள் கொழுந்தெடுக்கிறார்கள். நடுவில் சிரித்தபடி செல்லம்மாக்கா! அவளோ என் பாயில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அடியே, இது போன வருஷம் டிவிக்காரங்க வந்து புடிச்ச படம்டி! என் பின்னால நிக்கிற பலாமரத்தப் பாருங்க!"

அந்த மரம் போன மழையில் விழுந்தது. அன்றைக்கும் எல்லார் அடுப்பிலும் எரிந்தது அதன் விறகுதான். ஆனாலும், "டிவியில பொய்யா காட்டுவாங்க?" என்றாள், ஒன்பது நாளும் அக்கா பானைச் சோற்றைத் தின்ற பக்கத்துக் காம்பராக்காரி.

அக்கா என்னிடம் திரும்பினாள். "சார், நீங்களாவது சொல்லுங்க. பழைய படந்தானே?"

"செய்தியில அப்படிச் சொல்லலியே அக்கா," என்றேன். மொழிபெயர்ப்பாளன் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கலாமா? தர்மம் என்னாவது! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் விடியக்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் லயமே வந்து நின்றது. கள்ளத்தனமாக வேலைக்குப் போனவள் என்று பேர் வாங்கிய அக்கா மட்டும் வரவில்லை. பக்கத்துத் தோட்டமும் அன்றே வேலைக்கு இறங்கிவிட்டது. "நீங்க போயிட்டீங்கன்னு டிவியில பாத்துத்தானே நாங்களும் போனோம்," என்றார்கள். செய்தியைப் பொய் என்று இனி யார் சொல்ல முடியும்? ஒரு நாள் முந்திச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது காம்பராவுக்கு ஒரு கலர் டிவி, ஆளுக்கொரு போன். என்னை மொழிபெயர்க்க யாரும் கூப்பிடுவதில்லை, நாட்டுக்கு நல்லதுதான். அக்கா அங்கே இல்லை. அந்த மாதமே மாவனல்லையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். புறப்படும் அன்று மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை.

"விடுங்க சார். அத்தன பேரும் சொல்லச் சொல்ல, நெசமாவே போயிருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."