பெஞ்சில் உட்கார்ந்த பேராசிரியை

விளையாட்டுச் சமூகவியல் பேராசிரியை என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் அவருடைய இடுப்பைத்தான் பார்ப்பார்கள். பிறகு என்ன விளையாடுவீர்கள் என்று கேட்பார்கள். அவர் எதுவும் விளையாடுவதில்லை. மற்றவர்கள் ஏன் விளையாடுவதில்லை என்று ஆராயவே அவருக்குப் பொழுது போதவில்லை. லிஃப்ட் பழுதான அன்று மாடி வகுப்பைக் கீழே வாசலிலேயே நடத்தி முடித்தவர். அதற்கும் ஒரு கோட்பாடு கைவசம் வைத்திருந்தார்.

பல வருடமாகத் தற்காலிக வேலை. இந்த ஆய்வு தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நடுவயதுப் பெண்கள் பூங்காவுக்கு வந்தும் ஏன் நடப்பதில்லை என்பது கேள்வி. இதற்கு ஆள் தேடி அலையவும் வேண்டாம். அவருடைய நாத்தனாரே தோழிகளோடு தினமும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவள்தான். பேராசிரியையும் அதே பெஞ்சில் இடம் பிடித்தார். கூடவே இருந்து கவனிப்பது அவர் துறையின் முறை. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நடக்க விடாமல் வீட்டில் யார் தடுக்கிறார்கள், உடம்பைப் பற்றிய கூச்சம் எந்த வயதில் வந்தது என்று ஒவ்வொருத்தியையும் குடைந்து எடுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பெஞ்ச் காலி. அத்தனை பேரும் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பேராசிரியைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் ஆய்வால் வந்த விழிப்புணர்வு என்று அறிக்கை எழுதிவிட்டு, ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்கலாமென்று நாத்தனாரை விரட்டிப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. உக்காந்தா நீங்க கேள்வி கேக்குறீங்க. நடந்தா உங்களால பின்னாடி வர முடியல. நாங்க நிம்மதியா பேசுறோம்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மறைத்துவிடலாம்தான், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் முடிவுகளை மாற்றி எழுதிய மாணவர்களை வருடக்கணக்கில் வறுத்தெடுத்தவர் ஆயிற்றே. நியமனக் குழுவின் முன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டார்.

குழுத் தலைவர் சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல ஜனங்கள உண்மையிலேயே நடக்க வச்ச ஆராய்ச்சி இது ஒண்ணுதான் மேடம். நிரந்தரம் பண்ணிடலாம். மத்த பூங்காவுலயும் போய் உக்காருங்க."

வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எந்தப் பூங்காவிலும் தன் பக்கத்தில் உட்கார ஒருத்தியும் இருக்கமாட்டாள் என்பது, வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது.