குழாயடிச் செருப்பு

சங்ககிரியில் ஒரு லைன் வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போயிருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள். பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு இரும்புக் குழாய். கடைசி வீடு காலியாக இருந்தது. மறுநாள் காலையில் புதுக் குடித்தனம் பால் காய்ச்ச வருவதால் வீட்டுக்காரர் சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். கை வைத்தால் ஒட்டியது.

வயர்மேன் வேலையில் வாடகை வீடுகளில் நான் பார்க்காத கண்றாவி கிடையாது. பிளக்குக்குப் பதிலாக ஒயரைச் சொருகித் தீக்குச்சியால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஒயர் ஒட்டுக்குப் பால் கவரைச் சுற்றியிருப்பார்கள். கேட்டால், "இப்போதைக்கு ஓடட்டும்" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடியிருப்பவன் உயிர் என்ன ஓசியிலா வந்தது?

ஃபேனை மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஓடியது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணா, ஃபேனப் போட்டீங்களா?"

பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் குழாயடியில் குடத்தோடு நின்றாள். சுவரோரம் கிடந்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊட்டுல ஃபேன் ஓடுனாக் குழாய் சுர்ருங்குமுங்க. அதுக்குத்தான் இந்தச் செருப்பு. லைன்ல எல்லாருக்கும் பொது."

உள்ளே ஓடி சுவிட்சை அணைத்தேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் விஷயம் விளங்கிவிட்டது. கரண்ட் திரும்பிப் போகிற ஒயர் சுவருக்குள் எங்கேயோ அறுந்திருக்கிறது. அதைத் தேடாமல், குழாயிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவந்து கட்டியிருந்தார்கள். இதைச் செய்தது யாரென்று கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரருக்கு இரண்டு லாரி. லாரிக்கு ஒயரிங் பார்க்கிறவரையே வீட்டுக்கும் கூட்டிவந்திருக்கிறார். லாரியில் ஒரு ஒயர் போனால் போதும், திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே இருக்கிறது. இங்கே இரும்புக்கு எங்கே போவது? குழாய்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் வந்தார். சொன்னேன்.

"அது கெடக்குது தம்பி. சும்மா சுர்ருனுதான் இருக்கும். செருப்பு மாட்டுனா முடிஞ்சுது. பியூசப் போட்டுட்டுக் கெளம்பு."

"நாளைக்குப் பால் காய்ச்ச வர்ற அம்மிணி செருப்பு மாட்டிக்கிட்டா பூசைக்குத் தண்ணி புடிப்பாங்க?"

அவர் சுவரைக் காட்டினார்.

"பெயிண்டே காயல. செவுத்துல உளிய வெச்சீன்னா நடக்கறதே வேற."

"நடக்கட்டுங்க."

"நீ போப்பா. நான் நம்ம லாரிக்காரனையே கூப்பிட்டுக்கறேன்."

பியூஸ் கட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "கூப்பிடுங்க. அவரு வந்தாலும் இது எங்கிட்டத்தான் இருக்கும்."

என்னென்னவோ திட்டினார். நான் உளியை எடுத்துவிட்டேன். பச்சைச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு அடிக்கும் மனசு குளிர்ந்தது. அறுந்த ஒயரை உருவிவிட்டுப் புது ஒயர் இழுத்தேன். குழாயில் கட்டியிருந்ததை வெட்டி எறிந்தேன். கரண்ட் கொடுத்து ஃபேனை ஓடவிட்டு, குழாயில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயை நானே ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உளி வைத்த இடத்தை ஒரு சாமி காலண்டர் மறைத்திருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கால் கழுவக் குழாயடிக்குப் போனவர், குழாய்க்குப் பக்கத்தில் கையை நிறுத்திக்கொண்டார். திரும்பி, ஜன்னல் வழியே ஃபேனைப் பார்த்தார்.

வெறும் சுர்ரோடு போகாதென்று தெரிந்தேதான் இருந்திருக்கிறார். இத்தனை நாளும்.

"சும்மா சுர்ருனுதானுங்க இருக்கும்," என்றேன், லைன் முழுக்கக் கேட்கும்படி.

அவர் முறைத்தார். கை மட்டும் நகரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சுவரோரம் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

"மாட்டிக்குங்கண்ணா. இத்தன நாளா நாங்க போட்டதுதான்."

புதுக் குடித்தனத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. "கொஞ்சம் நகருங்கண்ணா, நல்ல நேரம் போயிரும்," என்று அவரைத் தாண்டி வெறுங்காலோடு வந்தாள். குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தாள். குடம் நிரம்பும்வரை நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.