கயிற்றோடு போன வகுப்பு

என் தங்கை சண்முகவடிவு வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1947-இல் அப்பா இறந்ததும், பெண்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு போதும் என்று மாமா முடிவு செய்தார். அவள் அதை மீறிப் பூதப்பாண்டிப் பள்ளிக்கு நடந்தாள். அம்மை போட்டுப் பாதி வருடம் படுத்தவள், அடுத்த வருடம் வகுப்பில் முதலாவதாக வந்தாள். எங்கள் தெருவில் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய முதல் பெண் அவள்தான். நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் வாங்கினாள். அங்கே மனோதத்துவ வகுப்பு பாதி மலையாளத்தில் நடந்தது. அதைத் தமிழில் குறித்துப் படித்து, எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அக்கா நான். ஒன்றையும் விட மனம் வரவில்லை.

விடுமுறைக்கு வந்தால், நான் நெல் அவிக்கும் இடத்தில் உட்கார்ந்து பாடங்களை என்னிடம் ஒப்பிப்பாள்.

"குழந்தை காலிக் குடமில்லக்கா. என்னவெல்லாமோ தெரிஞ்சிக்கிட்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வருது. தெரிஞ்சதுலேருந்து தெரியாததுக்கு நாமதான் கொண்டுபோணும்."

"காலிக் குடமில்லேன்னா ஒனக்கு எதுக்குட்டி சம்பளம்?"

"கூட்டிட்டுப் போகதுக்கு" என்று சிரிப்பாள்.

மிஞ்சியிருந்தது செய்முறைத் தேர்வு. ஒரு மாதம் ஏதாவது பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, கடைசி நாளில் தேர்வாளர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தவறினால் ஆசிரியை ஆக முடியாது. தவறினால் தை முடிவதற்குள் கல்யாணம் என்று மாமா வேறு சொல்லியிருந்தார்.

அவளுக்குக் கிடைத்தது கடியப்பட்டணத்துக்கு மேற்கே ஒரு சிறிய கடற்கரை ஊர். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாதென்று நானும் கூடப் போனேன். தலைமையாசிரியர் ஞானதாசன் வீட்டின் பின்கட்டில் தங்கினோம். மீன் வாடையில் எனக்குச் சோறு இறங்கச் சில நாள் ஆயிற்று. அவளுக்கு அதெல்லாம் தெரியவே இல்லை.

முதல் நாளே பிரம்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். தேர்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது நீளம் அளக்கும் பாடம். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றடிக் கெசம் தெரியாது, பாகம் தெரியும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கயிற்றை அப்படித்தான் அங்கே அளப்பார்கள். அவள் பழைய வலைக்கயிறு ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். அதை ஆளாளுக்கு அளக்க வேண்டும். ஒருவனுக்கு எட்டு வரும், இன்னொருத்திக்குப் பத்து வரும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் பொதுவான ஒரு அளவு வேண்டும் என்பது மனதில் பதியும். இப்படி ஒரு பாடத்தை நான் படித்த காலத்தில் பார்த்ததே இல்லை.

தேர்வு நாள் காலையில் ஞானதாசன் சார் சொன்னார்: "மக்களே, கதவச் சாத்திப் போடு. இது சாளை மீன் வார காலம். கரையில கூவல் கேட்டா ஒண்ணும் நிக்காது."

"சாத்தி வச்சா, பிள்ளையெல்லாம் பாடத்துக்காக இருக்கா, கதவுக்காக இருக்கான்னு எப்படி சார் தெரியும்?"

"ஒனக்குத் தெரிய வேண்டாம். வாற ஆளுக்குத் தெரிஞ்சா போரும்."

அவள் சாத்தவில்லை.

கண்ணாடி போட்ட தேர்வாளர் பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். பாடம் நன்றாகவே தொடங்கியது. கயிறு கை மாறியது. "ஏலே, ஒனக்குக் குட்டக் கைல!" என்று ஒரு பெண் கத்த, தேர்வாளர்கூடச் சிரித்தார். ஏன் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கணக்கு வருகிறது என்று சண்முகவடிவு கேட்கப் போன நேரம், கரையிலிருந்து கூவல் கேட்டது. கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையை வளைத்துவிட்டார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மடி கரை ஏறுவதற்குள் இழுகயிற்றில் யார் கை வைத்தாலும் மீனில் பங்கு உண்டு, சின்னப் பிள்ளைக்கும்கூட. வகுப்பு முழுவதும் எழுந்தது. அளந்துகொண்டிருந்த கயிற்றையும் கையோடு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் வாசலில் குறுக்கே நின்று ஒருத்தியின் பாவாடையைப் பிடித்தேன்.

"விடுங்கக்கா, எங்க பங்கு போயிரும்! வீட்ல ஒண்ணுமில்ல!"

விட்டுவிட்டேன். வேறென்ன செய்வது?

உள்ளே இரண்டு பேர் மிச்சம். சண்முகவடிவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த இருவரை வைத்தே மீதிப் பாடத்தை நடத்தினாள். கயிறு இல்லாததால் முந்தானையை அளந்து காட்டினாள். முடிந்ததும் தேர்வாளர் அவர்களிடம் கேட்டார்: "நீங்க ஏன் ஓடல்ல?"

"எனக்குக் கால்ல முள்ளு" என்றான் ஒருவன்.

"நான் சாருக்க மோளு. அப்பா அடிப்பாவ" என்றாள் மற்றவள்.

தேர்வாளர் கெட்டவர் அல்ல. "பாடம் நல்ல பாடம்தான் அம்மா. ஆனா வகுப்பு இல்லையே" என்றார். என் தங்கை தலையாட்டினாள். தாளில் 'தேறவில்லை' என்று குறித்துவிட்டு அவர் போனார். சாயங்காலம் ஒரு பிள்ளை கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்தது. கூடவே ஓலைப் பட்டையில் மீனும். "டீச்சருக்கும் பங்கு. டீச்சருக்க கயிறுல்லா!" சைவக்காரிகளான நாங்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

மாமாவின் காலில் அம்மா விழுந்ததில் மறுதேர்வுக்கு மட்டும் தவணை கிடைத்தது. அது நாகர்கோவிலில், சுற்றுச்சுவர் வைத்த பள்ளியில் நடந்தது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சண்முகவடிவு மர அளவுகோலைக் காட்டிக் கெசம் சொல்லிக் கொடுத்தாள். ஒருவரும் அசையவில்லை, சண்டை போடவும் இல்லை. அன்றே தேறிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நான், "ஜெயிச்சிட்டியேட்டி! சிரிச்சா என்ன?" என்றேன்.

"இவிய இருந்தது எனக்காக இல்லக்கா. எந்திரிச்சுப் போக எடமில்ல, அதான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தபின் புதுக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. ஆசிரியர்களின் வருகைப் பதிவேட்டை அவள் முன்னால் திருப்பி வைத்தபோது, கூடப் போயிருந்த நானும் எட்டிப் பார்த்தேன். அவள் எழுதி முடித்ததும், அவளுக்கு முந்தி நான்தான் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தேன். ஆசிரியையாகச் சண்முகவடிவு முதன்முதலில் கையெழுத்திட்ட நாள் 1956 ஜூன் 4, திங்கட்கிழமை.